உட்கார்ந்து குளிக்க ஒரு வழி

பக்கவாதம் வந்து தேறியவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரும்போது மாத்திரைச் சீட்டு கையில் இருக்கும். அடுத்த பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். மறுநாள் காலையில் அவரை எப்படிக் குளிக்க வைப்பது என்பது மட்டும் பெரும்பாலும் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு நாள் ஈரத்துணியால் துடைத்துச் சமாளிப்பார்கள். பிறகு யாராவது சர்ஜிக்கல் கடைக்கு ஓடி, இருப்பதிலேயே விலை கூடிய நாற்காலியை வாங்கி வருவார்கள். அது பாத்ரூம் கதவுக்குள் நுழையாது.

எங்கள் பெரியப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல் வலப்பக்கம் செயலிழந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் பழைய ஓட்டு வீடு. கொல்லைப்பக்கம் பின்னால் கட்டிச் சேர்த்த குளியலறை. அவரைக் குளிக்க வைக்கும் பொறுப்பு பெரியம்மாவுக்கும் எனக்கும் வந்தது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே சொன்னார்: “அம்மா, ஐயாவால முடியறதை நீங்க செய்யாதீங்க. முடியாததுக்கு மட்டும் கை கொடுங்க.” குளியலுக்கென்று விற்கும் எந்தச் சாமானையும் நான் அதைக் கொண்டுதான் எடை போடுகிறேன். அது வந்த பிறகு அவர் தானாகச் செய்துகொள்ளும் வேலை கூடியதா, குறைந்ததா? முழுக்கப் பிறர் கையில் குளிக்க நேர்ந்தவர் கொஞ்ச நாளில் “இன்னிக்குக் குளியல் வேணாம்” என்று ஆரம்பித்துவிடுவார். வீட்டார் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பது கூச்சமும், விழுந்துவிடுவோமோ என்ற பயமும்.

முதலில் இஞ்சு டேப்

எதையும் வாங்குமுன் அளவெடுக்க வேண்டும். கதவை நிலைக்கு நிலை அளந்தால் கணக்கு தவறிவிடும். கதவை முழுக்கத் திறந்து வைத்து, கதவுப் பலகைக்கும் எதிர் நிலைக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தை அளக்க வேண்டும். இரண்டரை அடிக் கதவு என்று கொத்தனார் சொன்ன இடத்தில், பலகையின் கனமும் கீலும் போக இரண்டே கால் அடிதான் மிஞ்சும். இரண்டடிக் கதவு வைத்த வீடுகளும் நிறைய. சாதாரண மடக்குச் சக்கர நாற்காலி வெளிச்சக்கரங்களோடு சேர்த்து 24 முதல் 26 அங்குல அகலம் இருக்கும். நடுவில் துளையும் நான்கு சிறு சக்கரங்களும் உள்ள கமோடு நாற்காலிகளில் 21, 22 அங்குலத்திலும் கிடைக்கிறது. கடைக்காரர் சொல்லும் அகலம் பெரும்பாலும் இருக்கையின் அகலமாக இருக்கும். சக்கரத்தின் வெளிவிளிம்பிலிருந்து மறு வெளிவிளிம்பு வரை நாமே அளந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது வாசற்படி. தண்ணீர் வெளியே வராமலிருக்கக் குளியலறைத் தரையை ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ இறக்கி, குறுக்கே ஒரு மேடும் வைத்திருப்பார்கள். நடக்க முடிந்தவருக்கே கால் தட்டும் இடம் அது. சக்கர நாற்காலிக்கு அங்கே சரிவு தேவை. ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது பொதுவான கணக்கு. இரண்டு அங்குல மேட்டுக்கு இரண்டடிச் சரிவு. அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் தள்ளுகிறவரின் கை நடுங்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார்.

கதவு உள்பக்கம் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவோடு கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க வழியில்லை. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்வது ஆசாரிக்கு அரை நாள் வேலை. உள்தாழ்ப்பாளை எடுத்துவிடலாம்; தனிமை வேண்டுமென்றால் ஒரு திரைச்சீலை போதும்.

கடைசி அளவு குளிக்கப் போகிறவருடையது. கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 16 முதல் 18 அங்குலம் வரும். இருக்கை அந்த உயரத்திலோ ஓர் அங்குலம் கூடுதலாகவோ இருக்கலாம். தாழ்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியாது. மிக உயர்ந்தால் பாதம் தரையில் பதியாமல் உடம்பு முன்னால் வழுக்கும். இருக்கை அவர் எடையைத் தாங்குமா என்று பார்க்க, எடையையும் ஒரு தடவை சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த இருக்கை

நம் வீடுகளில் மணை போட்டுக் குளித்த பழக்கம் உண்டு. அந்த உயரத்திலிருந்து எழுந்திருக்க இரண்டு முழங்காலும் நன்றாக வேலை செய்ய வேண்டும்; மூட்டுவலிக்காரருக்கும் பக்கவாதக்காரருக்கும் அது ஆகாது. மணையை விட்டதும் எல்லோரும் எடுப்பது வராந்தாவில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. அதன் கால்கள் ஒல்லியாக, அடியில் ரப்பர் இல்லாமல் இருக்கும். ஈர டைல்ஸில் பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் கால் விரிந்து வழுக்கும்; வெயிலில் கிடந்து பழகிய பிளாஸ்டிக் முன்னறிவிப்பின்றி முறியும். பல வீடுகளில் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். ஆனாலும் இதை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். வேறு எதை வாங்காவிட்டாலும் இந்த ஒன்றை மாற்றுங்கள்.

குளியலுக்கென்றே செய்த நாற்காலியின் கால்கள் அலுமினியக் குழாய். அடியில் அகலமான ரப்பர் புஷ் இருக்கும்; குழாயில் வரிசையாக ஓட்டைகளும் அமுக்கினால் உள்ளே போகும் பொத்தானும் இருப்பதால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். தண்ணீர் தேங்காமல் இருக்கையில் துளைகள் இருக்கும். முன்பக்கம் வளைவாக வெட்டிவிட்ட இருக்கை கிடைத்தால் அதையே எடுங்கள். எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே அந்தரங்க உறுப்புகளைக் கழுவிக்கொள்ள அந்த வெட்டு உதவும். தானாகவே நிமிர்ந்து உட்கார்பவருக்கு முதுகில்லாத ஸ்டூல் போதும். ஒரு பக்கம் சாய்பவருக்கு முதுகும் இரண்டு கைப்பிடியும் தேவை. நின்று அடியெடுத்து வைக்கவே முடியாதவரைக் கட்டிலருகிலேயே கமோடு நாற்காலிக்கு மாற்றி, அதோடே குளியலறைக்குத் தள்ளிப்போய், அதிலேயே குளிக்க வைத்துத் திரும்பக் கொண்டு வரலாம். ஈரத்தரையில் ஆளை மாற்றும் வேலை இருக்காது. அதன் சக்கரங்களில் பூட்டு இருக்க வேண்டும். முடிந்தால் நான்கிலும்.

தரையும் சுவரும்

டைல்ஸ் ஏன் வழுக்குகிறது? சோப்பும் எண்ணெயும் தண்ணீரோடு சேர்ந்து பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. எனவே விலை உயர்ந்த மிதியடியை விரிப்பதற்கு முன், தினமும் துணி துவைக்கும் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுவதுதான் முதல் வைத்தியம். அடியில் உறிஞ்சுகுமிழ் வைத்த ரப்பர் மிதியடிகள் வழவழப்பான டைல்ஸில் நன்றாக ஒட்டும். சொரசொரப்பான டைல்ஸிலும் சிமெண்டுத் தரையிலும் ஒட்டாது. அங்கே போட்டால் மிதியடியே காலை வாரிவிடும். இந்த வேறுபாடு தெரியாமல் வாங்குபவர்கள் ஏராளம்.

கைப்பிடிக் கம்பியும் அப்படித்தான். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்திருக்க விடவே கூடாது. அது துண்டின் பாரத்துக்குப் பொருத்தியது. காற்றை உறிஞ்சிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகளையும் முழு எடைக்கு நம்ப முடியாது. சுவரைத் துளைத்து, ஆங்கர் போல்ட் இறக்கி முடுக்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிதான் வேண்டும். அமெரிக்கக் கட்டட விதி அத்தகைய கம்பி 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ தாங்க வேண்டும் என்கிறது. சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒன்றரை அங்குல இடைவெளி வேண்டும் என்றும் அதில் உண்டு. இடைவெளி கூடிவிட்டால் வழுக்கும்போது முழங்கை வரை உள்ளே போய்ச் சிக்கி எலும்பு முறியும். உயரம் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம். நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் குள்ளம் என்பதால், அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, எந்த உயரத்தில் கை ஊன்றி எழ வருகிறது என்று பார்த்துச் சுவரில் பென்சிலால் குறித்த பிறகு துளை போடுவது நல்லது. செங்கல் சுவர் போல்ட்டை நன்றாகப் பிடிக்கும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எந்தப் பக்கம் பொருத்துவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பெரியப்பாவுக்கு வேலை செய்வது இடக்கை. உள்ளே போகும்போது இடப்பக்கச் சுவரில் கம்பி இருந்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வெளியே வரும்போது அதே கம்பி வலப்பக்கம் ஆகிவிட்டது. உயிரில்லாத கைப்பக்கம் இருக்கும் கம்பியால் என்ன பயன்? பிசியோதெரபிஸ்ட் சொல்லி எதிர்ச்சுவரிலும் ஒன்று பொருத்தினோம். கதவு நிலையோரம் செங்குத்தாக ஒரு குட்டைக் கம்பியும் போட்டோம். ஒரு பக்கம் செயலிழந்தவருக்குப் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று இரண்டாக எண்ணிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

வாளியைத் தரையில் வைத்தால் ஒவ்வொரு சொம்புக்கும் குனிய வேண்டும். குனிந்து நிமிரும்போதுதான் தலை சுற்றும். ஒரு கனமான முக்காலி மேல் வாளியை ஏற்றி, நல்ல கைப்பக்கம், தொடை உயரத்துக்கு வைத்துவிட்டால் அவரே மொண்டு ஊற்றிக்கொள்வார். சொம்பைவிடக் கைப்பிடியுள்ள சிறிய பிளாஸ்டிக் மக் நல்லது. நிறைய மொள்ள முடியாது என்பதே அதன் வசதி. குழாய் வசதி இருந்தால் நீண்ட வளைகுழாயோடு வரும் கை ஷவர் இன்னும் எளிது. மூடித் திறக்கும் பொத்தான் கைப்பிடியிலேயே இருக்க வேண்டும். சுவரில் உள்ள திருகை எட்டிப் பிடிக்கப் போய் நாற்காலியிலிருந்து சரிந்தவர்கள் உண்டு.

வெந்நீரில் அலட்சியம் கூடாது. செயலிழந்த பக்கத்தில் பலருக்குச் சூடு உறைக்காது. நீண்டநாள் சர்க்கரை நோயாளியின் பாதமும் அப்படியே. 60 டிகிரி செல்சியஸ் நீர் பெரியவர் தோலைச் சுமார் 5 நொடியில் ஆழமாகச் சுட்டுவிடும். 49 டிகிரியில் அதே காயத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும். முதியவர்களின் தோல் மெலிந்திருப்பதால் அவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கெய்சரின் அளவை 50க்கு மேல் போகாமல் வைப்பது நல்லது. குளிக்கும் நீர் 38, 40 டிகிரி இருந்தால் இதமாக இருக்கும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து அதன்மேல் வெந்நீரை ஊற்றி விளாவ வேண்டும். அடுப்படியில் பழகிய கை நிறையச் சூடு தாங்கும் என்பதால் நம் விரலை நம்பாமல் முழங்கையின் உள்பக்கத்தை நனைத்துப் பார்க்க வேண்டும். பிறகு அவருடைய நல்ல கையை விடச் சொல்லி, “போதுமா?” என்று கேட்க வேண்டும். அவர் சொன்ன பிறகுதான் ஊற்றுவது.

வாளியில் ஹீட்டர் கம்பி போடும் வீடுகளில் ஆள் உள்ளே போகுமுன் பிளக்கைப் பிடுங்கிக் கம்பியையும் வெளியே எடுத்திருக்க வேண்டும். கேஸ் கெய்சர் குளியலறைக்குள்ளேயே இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. மெதுவாகக் குளிப்பவர் மூடிய அறையில் அதிக நேரம் இருப்பார். வாளியை நிரப்பிக்கொண்டு, கெய்சரை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்ட பிறகு அவரை அழைத்துப் போங்கள்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

சாப்பிட்டவுடன் குளியல் வேண்டாம். வயதானவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் ரத்த அழுத்தம் இறங்குவது உண்டு. படுத்திருந்தவரை உடனே எழுப்பி நிறுத்தவும் கூடாது. கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு இரண்டு மூன்று நிமிடம் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுக்க வேண்டும். கண் இருட்டுகிறது என்றால் அன்று ஈரத்துணிக் குளியல்தான். துண்டு, சோப்பு, மாற்றுத்துணி எல்லாம் முன்கூட்டியே உள்ளே போயிருக்க வேண்டும். சோப்பை மறந்துவிட்டு எடுக்கப் போகும் அந்த அரை நிமிடத்தில்தான் ஆள் தானாக எழப் பார்ப்பார்.

நாற்காலியை நல்ல பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுக் கோணலாக வைத்துச் சக்கரங்களைப் பூட்டுவது முதல் வேலை. கால்மிதியை மடக்கிவிட வேண்டும். இரண்டு பாதமும் வெறுங்காலாகத் தரையில் பதிய வேண்டும். இடுப்பில் அகலமான துணி பெல்ட் ஒன்றைக் கட்டி அதைப் பிடிப்பது பாதுகாப்பு. சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கிறது. வேட்டி முடிச்சைப் பிடித்தால் அவிழ்ந்துவிடும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதுதான் நம் ஊர்ப் பழக்கம். பக்கவாதம் வந்த தோள் ஏற்கெனவே பூட்டுத் தளர்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். அப்படித் தூக்கினால் மூட்டு இறங்கி, தீராத தோள்வலி வந்து சேரும். அந்தக் கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது.

பிசியோதெரபிஸ்ட் பெரியப்பாவிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “ஐயா, பின்னாடி சாயாதீங்க. முன்னாடி குனிஞ்சு வாங்க. மூக்கு கால் விரலுக்கு நேரா வரட்டும். வந்துச்சா? இப்ப எழுந்திரிங்க.” தலை முன்னால் வந்ததும் பின்பக்கம் தானாகவே லேசாகிறது. ஆச்சரியமாக இருக்கும், தூக்க வேண்டிய பாரத்தில் பாதி காணாமல் போயிருக்கும். உதவுகிறவர் எதிரே நின்று, அவருடைய முடியாத முழங்கால் மடங்கிவிடாமல் தன் முழங்காலால் அணை கொடுக்க வேண்டும். நல்ல காலை ஊன்றிச் சின்னச் சின்ன அடியாகத் திரும்பி, நாற்காலியின் விளிம்பு தொடையின் பின்புறம் தொட்டதும், நல்ல கையால் கைப்பிடியைத் தடவிப் பிடித்து உட்காருவார். திரும்ப வரும்போதும் நல்ல பக்கமாகத்தான் நகர வேண்டும். எனவே நாற்காலியை எதிர்த்திசையில் திருப்பி வைக்க நினைவிருக்கட்டும். நடுவில் கால் மடங்கி விழப் போனால் நிமிர்த்திப் பிடிக்க முயலாதீர்கள். இருவரும் விழுவீர்கள். பெல்ட்டைப் பிடித்தபடி உங்கள் காலோடு சாய்த்து மெல்லத் தரையில் இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

குளியல்

உடைகளைக் கழற்றும்போது நல்ல கை முதலில், முடியாத கை கடைசியில். உடுத்தும்போது முடியாத கையில் சட்டையை முதலில் நுழைக்க வேண்டும். இடுப்பில் ஒரு துண்டு இருக்கட்டும். பெண்கள் மார்பு வரை ஏற்றிக் கட்டிக் குளிக்கும் உள்பாவாடைப் பழக்கம் இங்கே பெரிய துணை. மகனோ மருமகளோ குளிக்க வைக்கும்போது அம்மாவின் கூச்சத்தை அது பாதியாகக் குறைக்கிறது. நனைந்த பாவாடை காலில் சுற்றிக்கொள்ளும் என்பதால் எழுந்து நிற்குமுன் அதை மாற்றிவிட வேண்டும்.

முதல் சொம்பு பாதத்தில். பிறகு முழங்கால், தொடை, முதுகு, தலை கடைசியில். பேச்சு குழறியவராக இருந்தால் முன்கூட்டியே ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ள வேண்டும்: கை தூக்கினால் நிறுத்து. பெரியப்பா தொடையில் ஒரு தட்டு தட்டுவார். இடப்பக்கம் செயலிழந்தவர்களில் சிலருக்கு அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே மறந்துபோகும். பாதி முகத்துக்குச் சோப்புப் போட்டுவிட்டு முடிந்தது என்பார்கள். அவர்களைத் திட்டாமல், நல்ல கையைப் பிடித்து அந்தக் கன்னத்தைத் தொட வைத்தால் போதும்.

ஒற்றைக் கையால் உடம்பில் எதையெல்லாம் தேய்க்க முடியும் என்று நீங்களே ஒரு நாள் முயன்று பாருங்கள். முகம், மார்பு, வயிறு, தொடை, எதிர்க் கை எல்லாம் எட்டும். எட்டாதவை முதுகும் அந்த நல்ல கையும்தான். முதுகுக்கு நீளமான பீர்க்கங்காய் நார் இருக்கிறது. ஒரு முனையில் வளையம் தைத்து நாற்காலியின் கைப்பிடியில் மாட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் பின்தோளும் பக்கவாட்டும் தேய்ந்துவிடும். நல்ல கைக்கு வழி இது: சோப்பு நுரைத்த துண்டைத் தொடைமேல் விரித்துப் போட்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அதன்மேல் உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். பெரியப்பா இதைக் கற்றுக்கொண்ட அன்று பெரியம்மாவைக் கிட்டே வரவே விடவில்லை. “நீ போ, நானே பாத்துக்கறேன்” என்று குழறலோடு சொன்னார். சோப்புக் கட்டியை ஒற்றைக் கையால் பிடிப்பது கடினம், நழுவித் தரையில் விழுந்தால் ஆபத்து. பழைய நைலான் சாக்ஸுக்குள் போட்டு முடிந்து நாற்காலியில் கட்டித் தொங்கவிட்டால் நுரையும் நன்றாக வரும், கீழேயும் விழாது. துண்டைக் கையுறைபோல் தைத்து மாட்டிக்கொள்வதும் நல்ல உபாயம்.

செயலிழந்த கை பல பேருக்கு இறுக மூடியே இருக்கும். உள்ளங்கையில் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து நாறும்; நகம் சதையில் பதிந்து புண்ணாகும். விரலைப் பலமாக நெம்பிப் பிரிக்காதீர்கள். மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்கினால் விரல்கள் தாமாகத் தளரும். அப்போது சோப்பு நீரால் உள்ளங்கையையும் விரலிடுக்கையும் கழுவி, ஈரமில்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். வாரம் ஒரு தடவை நகம் வெட்டவும் இதுவே நேரம்.

அந்தரங்க உறுப்புகளைக் கடைசியில், புது நீரில், முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். கையுறைத் துண்டு எட்டினால் அவரே செய்யட்டும். அந்த நேரத்தில் நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கலாம். சிறுநீர்க் குழாய் போட்டவரும் இப்படியே குளிக்கலாம். சிறுநீர்ப் பை மட்டும் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும்.

வெந்நீரில் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும் என்பதால் குளித்து முடித்ததும் எழுப்பக் கூடாது. உட்கார்ந்தபடியே தலை துவட்டி, உடம்பைத் தேய்க்காமல் ஒற்றி, மார்பின் கீழ், அக்குள், தொடையிடுக்கு, கால்விரலிடுக்கு எல்லாம் உலர்த்த வேண்டும். கூடவே வால் எலும்பு, இடுப்பெலும்பின் இருபுறம், குதிகால் ஆகியவற்றைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிட அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ, இன்னும் கறுத்தோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே தேய்த்துவிடுவது கெடுதல். அந்த இடத்தில் பாரம் விழாமல் படுக்க வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எண்ணெய்க் குளியல் வேண்டும் என்றால்

சனிக்கிழமை ஆனால் பெரியம்மா நல்லெண்ணெயைக் காய்ச்ச ஆரம்பித்துவிடுவார். “இத்தனை வருஷமா விட்டதில்லைங்க, இப்ப விட்டா உடம்பு சூடாயிடும்” என்பார் பெரியப்பாவிடம். மருத்துவர் தடுக்காதவரை அந்த ஆசையை மறுப்பானேன்? முறையை மாற்றினால் போதும். எண்ணெய் தேய்ப்பது குளியலறையில் கூடாது. அறையில், பழைய துணி விரித்த நாற்காலியில் உட்கார வைத்துத் தலைக்கும் உடம்புக்கும் கொஞ்சமாகத் தேய்த்து, உள்ளங்காலை மட்டும் விட்டுவிட வேண்டும். உள்ளங்கால் எண்ணெய்தான் ஆளைத் தள்ளுகிறது. தவறிப் பட்டாலும் கடலை மாவு போட்டுத் துடைத்து எடுத்த பிறகே எழுப்ப வேண்டும். நல்ல கையின் உள்ளங்கையையும் துடைக்க மறக்காதீர்கள். கம்பியைப் பிடிக்கப் போவது அதுதான். நடக்க முடிந்தவரானாலும் அன்று மட்டும் சக்கர நாற்காலியில் கொண்டு போவது உத்தமம். சீயக்காய்ப் பிசுக்கும் எண்ணெயும் தரையில் சேர்ந்து படியும் என்பதால், அவர் நாற்காலியில் இருக்கும்போதே தரையைப் பவுடர் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் விட்டுத் தள்ளிய பிறகு வெளியே அழைத்து வாருங்கள். இருக்கையையும் ரப்பர் புஷ்ஷையும் அன்றே கழுவிவிட வேண்டும்.

கட்டிலை விட்டு இறங்க முடியாதவருக்கு

உட்காரவே முடியாதவருக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம். செவிலியர்கள் கெல்லி பேட் என்ற ரப்பர் விரிப்பைப் பயன்படுத்துவார்கள். ஓரங்கள் உருண்டு எழும்பி, தண்ணீரை ஒரே பக்கம் வழியவிடும். வீட்டில் பெரிய பாலித்தீன் தாளை விரித்து, சுருட்டிய இரண்டு துண்டுகளை இரு ஓரத்திலும் உள்ளே வைத்து மடித்தால் அதே வாய்க்கால் வந்துவிடும். தலையைக் கட்டில் விளிம்புக்குக் கொண்டு வந்து, தாளின் நுனியைக் கீழே உள்ள வாளிக்குள் விட வேண்டும். உடம்புக்கு இரண்டு பாத்திரம்: ஒன்றில் சோப்பு நீர், ஒன்றில் நல்ல நீர். ஒரு சமயம் ஒரு பகுதியை மட்டும் திறந்து துடைத்து, உலர்த்தி, மூடிவிட்டு அடுத்ததற்குப் போவது. முகம் துடைக்க மட்டும் துணியை அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். எப்படியாவது முகத்துக்குக் கொண்டு போய்விடுவார்.

வாங்குவதும் பராமரிப்பதும்

வாங்குமுன் தொட்டு, உட்கார்ந்து பார்ப்பது நல்லது. சென்னையில் இருப்பவர்கள் காமராஜர் சாலையில் லேடி வெலிங்டன் வளாகத்தில் உள்ள மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸுக்குப் போகலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான பலவகை உபகரணங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். வசதி குறைந்த முதியவர்களுக்கு மத்திய அரசின் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் இருக்கிறது. 60 வயது நிறைந்து, வறுமைக்கோட்டுக்குக் கீழேயோ மாதம் 15,000 ரூபாய்க்குள் வருமானத்திலோ இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம்; கமோடு வைத்த நாற்காலியும் அதன் பட்டியலில் உண்டு. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொண்டு, அவர் வரும் நாளில் கை கால் பயிற்சியோடு நிறுத்தாமல் குளியலறையையும் காட்டுங்கள். கம்பியின் உயரம், நாற்காலியின் உயரம், கட்டிலிலிருந்து மாற்றும் முறை மூன்றையும் நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

சாமான் வந்த பிறகு மாதம் ஒரு தடவை நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். ரப்பர் புஷ்ஷின் வரிகள் தேய்ந்து மழுங்கியிருந்தால் மாற்ற வேண்டும். தனியாக வாங்கினால் விலை அதிகமில்லை. உயரப் பொத்தான்கள் நான்கும் ஓட்டையில் முழுக்க வெளியே வந்து நிற்கின்றனவா, நான்கு காலும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் சக்கரத்தின் பூட்டுத்தான் முதலில் துருப்பிடிக்கும். பூட்டிவிட்டு வெறும் நாற்காலியைத் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உங்கள் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்து, இம்மியளவு ஆடினாலும் போல்ட்டை முடுக்கும் வரை அவரை அதைப் பிடிக்க விடாதீர்கள்.